வகுப்பறை வேறு, புத்தகம் வேறு

பாடநூல் எழுதுவது பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "அடுத்தவர் எழுத்தை எடுக்கும்போது கவனம்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஆசிரியர்கள் பலர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க அதற்குத்தான். நான் வழக்கறிஞன் அல்ல. முப்பது ஆண்டுகள் பாடநூல் கைப்பிரதிகளைத் திருத்தியவன். வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்குக்கே இடம் கொடுக்காமல் புத்தகம் போடுவது எப்படி என்பதை நான் சொல்கிறேன்.

கே: இளங்கலை மாணவர்களுக்குப் பொதுத்தமிழ்ப் பாடநூல் தொகுக்கிறேன். இன்று எழுதும் கவிஞர்களின் பத்துக் கவிதைகள், மூன்று சிறுகதைகள், உரையோடு சில குறள்கள் சேர்க்க ஆசை. பெயரைப் போட்டுவிட்டால் போதும், பத்து சதவீதம் வரை எடுக்கலாம் என்கிறார் உடன் பணிபுரிபவர். சரிதானா ஐயா?
– கல்லூரிப் பேராசிரியை

இரண்டுமே சரியில்லை அம்மா. பத்து சதவீதம் என்ற கணக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கும் இல்லை. பெயர் போடுவது நாணயம். போட்டே ஆக வேண்டும். ஆனால் யாருடைய பொருள் என்று சொல்லிவிட்டு எடுத்தாலும், கேட்காமல் எடுத்தது கேட்காமல் எடுத்ததுதான்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம், 'ஃபேர் யூஸ்' என்ற சொல். அது அமெரிக்கச் சட்டத்தின் சொல். அங்கே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: எதற்காக எடுத்தார்கள், எடுத்த படைப்பு எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தார்கள், அதனால் மூலப் படைப்பின் சந்தைக்கு என்ன பாதிப்பு. கற்பித்தலும் அதில் உதாரணமாக வருகிறது. இணையத்தில் அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். நம்முடைய 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் இருப்பது 'ஃபேர் டீலிங்', நியாயமான கையாளுகை. ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்த உபயோகம், விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி என்று நோக்கங்களைப் பெயர் சொல்லியே கொடுத்திருக்கிறது. விற்பனைக்கு வரும் பாடநூல் அந்தப் பட்டியலில் இல்லை.

பாடநூலுக்கு அதே 52ஆம் பிரிவில் தனியாக ஒரு சிறிய கதவு இருக்கிறது. என்னிடம் வந்த தொகுப்பாளர்களில் பெரும்பாலோர் அதைப் படித்ததே இல்லை. பொறுமையாகப் பாருங்கள். தொகுப்பில் பெரும்பகுதி பதிப்புரிமை இல்லாதவையாக இருக்க வேண்டும். நூல் உண்மையிலேயே கற்பித்தலுக்கானதாக இருக்க வேண்டும். அதைத் தலைப்பிலும் விளம்பரத்திலும் சொல்லியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட நூலில், ஏற்கெனவே வெளியான இலக்கிய, நாடகப் படைப்புகளிலிருந்து சிறு பகுதிகளைச் சேர்க்கலாம். அந்த மூலப் படைப்பு கற்பித்தலுக்காக வெளியிடப்பட்டதாக இருக்கக் கூடாது. அதாவது இன்னொரு பாடநூலிலிருந்து எடுக்க இந்தக் கதவு திறக்காது. அப்புறம் ஓர் உச்ச வரம்பு: ஒரே ஆசிரியரின் படைப்புகளிலிருந்து, ஒரே பதிப்பாளர், எந்த ஐந்தாண்டுக் காலத்திலும் இரண்டு பகுதிகளுக்கு மேல் வெளியிடக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பலர் சறுக்குகிறார்கள். கணக்கு உங்களுடையது அல்ல, பதிப்பாளருடையது. நீங்கள் ஒரே ஒரு கவிதையின் சில வரிகளை எடுத்திருப்பீர்கள். அதே பதிப்பாளர் மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு கல்லூரிக்குப் போட்ட தொகுப்பில் அதே கவிஞரிடமிருந்து இரண்டு பகுதிகள் எடுத்திருந்தால் உங்களுடையது மூன்றாவது. பதிப்பாளரிடம் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் நூலுக்கு வருவோம். மூன்று முழுச் சிறுகதைகளை 'சிறு பகுதி' என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவற்றுக்கு அனுமதி வேண்டும். முழுக் கவிதைகளுக்கும் வாங்குங்கள் என்பதே என் யோசனை. பழையவற்றில் இந்தக் கவலை குறைவு. ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் எண்ணுங்கள், அதுவரைதான் பதிப்புரிமை. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். அந்தக் கணக்கு 2014 முடிவோடு தீர்ந்தது. தமிழ்நாட்டில் நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. பாரதியின் எழுத்துரிமையை 1949இல் அரசு வாங்கி, பின்னர் பொதுவில் வைத்தது இதற்கெல்லாம் முன்னோடி. நீங்கள் தேடும் ஆசிரியர் நாட்டுடைமைப் பட்டியலில் இருக்கிறாரா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

குறளுக்கு வருகிறேன். குறள் எல்லோருக்கும் பொது. பரிமேலழகர் உரையும் அப்படியே. ஆனால் கல்லூரிகளில் பலரும் எடுத்துப் போடுவது இருபதாம் நூற்றாண்டில் யாரோ எழுதிய எளிய உரையை. அவர் மறைந்து 60 ஆண்டுகள் ஆகியிருக்காது. மூலம் இரண்டாயிரம் ஆண்டுப் பழசு என்பதால் அதன் கீழே இருக்கும் உரையும் பழசாகிவிடாது. சங்கப் பாடல் பதிப்புகளின் முன்னுரைக்கும் அடிக்குறிப்புக்கும் இதே கதைதான். சில குறளுக்கு உரை எழுத நீங்களே போதுமே அம்மா! உங்கள் மாணவர்களுக்கு எந்தச் சொல்லில் தடுக்கும் என்பது பழைய உரையாசிரியர்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அனுமதி கேட்பதற்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கவிஞருக்கு எங்கள் பள்ளித் தொகுப்புக்காகக் கடிதம் எழுதினேன். ஒரே வாரத்தில் அஞ்சலட்டை வந்தது. "தாராளமாகப் போடுங்கள். வரிகளை மட்டும் மடக்காதீர்கள்." அச்சுக்கோத்துப் பார்த்தால் மூன்றாவது வரி நீளம், கடைசிச் சொல் மடங்கிக் கீழே விழுந்திருந்தது. எழுத்தளவைக் குறைத்தோம், போதவில்லை. கடைசியில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஓரத்தைக் குறைத்து வரியை நேராக நிறுத்தினோம். அவர் கேட்டது வெறும் ஆசை இல்லை. படைப்பைச் சிதைத்துத் தன் பெயருக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ளும் உரிமையை 57ஆம் பிரிவு ஆசிரியருக்குக் கொடுக்கிறது. பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் அது அவரிடமே இருக்கும். 'மாணவர்களுக்குக் கடினம்' என்று நடுவில் இரண்டு வரியை உருவிவிட்டுக் கவிதையைப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கடிதத்தில் எந்தப் படைப்பு, எந்த வரியிலிருந்து எந்த வரி வரை, நூலின் பெயர், பதிப்பாளர், எத்தனை பிரதி, விலை, மின்னூலாகவும் வருமா, இவ்வளவும் இருக்கட்டும். உரிமை கவிஞரிடம் இருக்கிறதா, அவருடைய பதிப்பகத்திடமா என்று கேட்டு அதற்குத் தகுந்த கையெழுத்தை வாங்குங்கள். தொலைபேசியில் "சரி, போட்டுக்கோங்க" என்றதை மட்டும் நம்பி அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

கே: இதயத்தின் படம் எல்லாப் புத்தகத்திலும் ஒரே மாதிரிதானே இருக்கிறது? பழைய நூலில் இருந்ததைக் கொடுத்து, நிறம் மாற்றி வரையச் சொன்னேன். பதிப்பாளர் தயங்குகிறார். இதயத்துக்குக்கூடவா பதிப்புரிமை?
– உயிரியல் ஆசிரியர்

இதயத்துக்கு இல்லை. அதை வரைந்த படத்துக்கு உண்டு. ஓவியம், விளக்கப்படம், நிலப்படம், வரைபடம் எல்லாம் நம் சட்டத்தில் கலைப் படைப்புகள். போன கேள்வியில் சொன்ன சிறிய கதவும் இலக்கிய, நாடகப் படைப்புகளுக்கு மட்டும்தான், படத்துக்குத் திறக்காது.

எண்ணத்துக்கும் தகவலுக்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு நாடகத்தைத் திரைப்படமாக எடுத்துவிட்டார்கள் என்ற வழக்கு அது. நமக்கும் அதே அளவுகோல்தான். நான்கு அறைகள் என்பது தகவல். தமனி எந்தக் கோணத்தில் வளைகிறது, எந்தப் பகுதியை வெட்டிக் காட்டுவது, பெயர்க் கோடுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, இவையெல்லாம் ஓவியரின் தேர்வு.

ஒருமுறை என் மேசைக்கு வந்த கைப்பிரதியில் இதயப் படம் இருந்தது. நுரையீரல் சிரை என்று எழுதிய கோடு, இடது மேலறைக்குப் போகும் குழாயில் நிற்காமல் சற்று இறங்கிக் கீழறைச் சுவரில் போய் முட்டியது. தப்பு. அந்தத் தப்பை எங்கோ பார்த்த நினைவு. அலமாரியில் தேடினால் பழைய நூல் ஒன்றில் அதே கோடு, அதே இடத்தில், நடுவில் அதே சின்ன வளைவோடு. இரண்டு தாள்களையும் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். கோட்டின் மேல் கோடு உட்கார்ந்தது. நூலாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஓவியருக்கு 'மாதிரிக்காக' அந்தப் பக்கத்தைக் கொடுத்தது உண்மைதான் என்றார். ஓவியர் மாதிரியை நம்பினார், ஆசிரியர் ஓவியரை நம்பினார். சரியாக வரைந்ததை வைத்து நகல் என்று நிரூபிப்பது கஷ்டம், ஏனென்றால் சரி என்பது எல்லோருக்கும் ஒன்று. அதே தப்பு இன்னொருவருக்கும் அதே இடத்தில் வராது.

அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் ஓவியருக்குப் பக்கத்தைக் கொடுப்பதையே நிறுத்தினோம். பட்டியல் கொடுத்தோம். இந்தப் பாடம் ரத்த ஓட்டத்தின் திசையைப் பற்றியது, ஆகவே நான்கு அறைகளும் வால்வுகளும் தெரிய வேண்டும், இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் இந்தப் படத்தில் வேண்டாம், அம்புக்குறிகள் பெரிதாக இருக்கட்டும், இப்படி. பல மூலங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அவற்றை மூடிவிட்டு வரையச் சொன்னோம். முதல் பென்சில் வரைவுகளைக் கோப்பில் வைத்தோம். உங்கள் பாடத்துக்கு என்ன தேவை என்று நீங்கள் யோசித்துவிட்டால் படம் தானாக உங்களுடையதாகிவிடும். நிறம் மாற்றினால் ஆகாது.

எழுத்துக்கும் இதையேதான் சொல்வேன். கொதிநிலை, ஆண்டு, சூத்திரம் எல்லாம் பொது. ஆனால் இன்னொருவர் விளக்கத்தை எடுத்து, அவர் போட்ட வரிசையிலேயே, அவர் உவமைகளையே வைத்துக்கொண்டு, 'ஆகவே' வந்த இடத்தில் 'எனவே' போடுவது சொந்த எழுத்து ஆகாது. புத்தகத்தை மூடி வையுங்கள். மறுநாள் காலை, எதிரே ஒரு மாணவர் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

கே: வகுப்புக்காக நான்கைந்து நூல்களிலிருந்து அத்தியாயங்களை ஜெராக்ஸ் எடுத்து மாணவர்களுக்குக் கொடுக்கிறேன். இதுவும் தப்பா?
– முதுகலை வகுப்பு ஆசிரியர்

இல்லை. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின்போது ஒரு படைப்பை நகலெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. தேர்வுக் கேள்வியில் ஒரு பத்தியைக் கொடுப்பதும், விடையில் மாணவர் அதை எழுதுவதும் அதே பிரிவில் வருகின்றன. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடைமீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதி அமர்வு, கற்பித்தலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு என்பதுதான் அளவு, பக்கக் கணக்கு இல்லை என்றது. சில விவரங்களை விசாரிக்க வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன.

ஏழை மாணவர்களுக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய உதவி என்பதை வகுப்பெடுத்தவர்கள் அறிவார்கள். எனக்கு அதில் மனமார்ந்த மகிழ்ச்சி. ஒன்றே ஒன்று: அதே ஜெராக்ஸ் கட்டுக்கு அட்டை போட்டு, தொகுத்தவர் என்று உங்கள் பெயரையும் போட்டு, விலை வைத்துப் பதிப்பகம் வழியாக விற்கப் போனால், நீங்கள் வகுப்பறையை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள். அங்கே இந்தப் பாதுகாப்பு உங்களோடு வராது. நல்ல ஆசிரியர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். பத்து ஆண்டுகள் வகுப்பில் ஓடிய குறிப்பு, இனி நூலாகட்டும் என்று அப்படியே அச்சுக்குப் போகிறது. எந்தப் பத்தி தன்னுடையது, எது எங்கிருந்தோ எடுத்தது என்பது அவருக்கே மறந்துபோயிருக்கும். குறிப்பு எழுதும்போதே பக்க ஓரத்தில் மூலத்தை எழுதி வைத்துவிடுங்கள்.

கே: கணிதப் பாடநூலின் பயிற்சிக் கணக்குகளுக்கு விடை போட்டு கைடு எழுதலாமா?
– டியூஷன் ஆசிரியர்

இதே கேள்வி 2008இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஜம்மு காஷ்மீர் வாரியத்தின் 11ஆம் வகுப்புக் கணிதப் பாடநூலுக்குச் சிலர் கைடு போட்டார்கள். பாடநூலில் கணக்கும் இறுதி விடையும் மட்டும். கைடில் படிப்படியாகச் செய்முறை. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. கணிதம் யாருக்கும் தனிச் சொத்தாக முடியாது, கைடு வேறொரு நோக்கத்துக்குப் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறது என்று பார்த்தது.

உங்கள் உழைப்பு செய்முறையில் இருந்தால் தைரியமாக எழுதலாம் தம்பி. ஆனால் தமிழ்ப் பாடத்துக்கோ வரலாற்றுக்கோ கைடு எழுதும்போது இதே தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். அங்கே பாடத்தையே பத்தி பத்தியாக எடுத்துப் போடும் பழக்கம் இருக்கிறது. கணக்குக்குச் சொன்னது அதற்குப் பொருந்தாது. வினாத்தாள் தொகுப்புகளிலும் கவனம் வேண்டும். வினாத்தாளும் பதிப்புரிமை உள்ள படைப்புதான் என்று இங்கிலாந்தில் 1916லேயே தீர்ப்பு வந்துவிட்டது. நம் நீதிமன்றங்களும் அதை ஏற்றிருக்கின்றன.

கே: படத்தின் கீழே 'நன்றி: இணையம்' என்று போட்டால் போதுமா?
– தொடக்கப் பள்ளி ஆசிரியை

போதாது. இணையம் எதையும் வரைவதில்லை. அதை வரைந்தவரை, எடுத்தவரைத் தேடுங்கள். படைத்தவரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நிறையப் படங்கள் இருக்கின்றன, ஆனால் உரிமத்தைக் கடைசி வரை படியுங்கள். சிலவற்றுக்குப் பெயர் சொன்னால் போதும். சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. விலை வைத்து விற்கும் நூலில் அவற்றைப் போடாதீர்கள். சிலவற்றை வெட்டவோ மாற்றவோ கூடாது. மாற்றினால் அதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்று சில கேட்கும். இது எதுவும் சரிவராவிட்டால் உங்கள் கைபேசியிலேயே எடுத்துவிடுங்கள். இலையும் வேரும் எடுக்க யாரிடம் அனுமதி வேண்டும்?

கே: ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பகத்துக்கு இயற்பியல் பாடம் எழுதிக் கொடுத்தேன். இப்போது அதே பாடம், ஊசலுக்கு நான் சொன்ன ஊஞ்சல் உதாரணத்தோடு, வேறொருவர் பெயரில் வேறு நூலில் வந்திருக்கிறது. நான் பதிவு எதுவும் செய்யவில்லை. ஒப்பந்தம் ஒரே பக்கம். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதவே இல்லை. எனக்கு உரிமை உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை

உண்டு அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான்கு நாள் யோசித்துக் கண்டுபிடித்த உதாரணம் இன்னொருவர் பெயரில் கிடப்பதைப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பதிவு கட்டாயமில்லை. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு ஒரு கூடுதல் சான்று, அவ்வளவுதான். ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்து, அந்த வேலையின் பகுதியாக எழுதியிருந்தால் பொதுவாக உரிமை நிறுவனத்துக்குப் போகும். நீங்கள் வெளியிலிருந்து எழுதிக் கொடுத்தவர். முதல் உரிமையாளர் நீங்கள்தான். ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தது அந்த உரிமையை மாற்றித் தருவதுதான். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. உங்களுக்கு ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த ஒரு பக்கத்தில் வேறு எதுவும் இல்லையென்றால் உரிமை உங்களிடமே திரும்பியிருக்க வேண்டும். ஒப்பந்த நகலை வழக்கறிஞரிடம் காட்டி இதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 'இதை எழுதியது நான்' என்று சொல்லும் உரிமையை 57ஆம் பிரிவு உங்களிடமிருந்து எடுக்க விடாது.

தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தடையுத்தரவும் நஷ்டஈடும் கேட்கலாம். நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரவும் சட்டம் இடம் கொடுக்கிறது. பதிப்பாளர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

ஆனால் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு நூல்களையும் எதிரெதிரே விரித்து வைத்து, பொதுவாக வரும் வாக்கியங்களைப் பக்க எண், வரி எண்ணோடு ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் பாடத்தில் ஏதாவது அச்சுப்பிழை இருந்து அதுவும் அங்கே போயிருந்தால் அதைப் பட்டியலின் முதலில் போடுங்கள். ஊஞ்சல் உதாரணம் இரண்டாவதாக வரட்டும். நீங்கள் கையால் எழுதிய பழைய வரைவு வீட்டில் எங்காவது இருக்கும், தேடி எடுங்கள். பட்டியலையும் வரைவின் நகலையும் சேர்த்து அந்தப் பதிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.